‘வெறும் 2.5 சதவீதம்தானே?’: விமானப் பயணத்தின் சுமையை ஏற்றுவது யார், சுமப்பது யார்?

விமானப் பயணத்தையும் புவி வெப்பமடைதலையும் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு குரல்கள் கேட்கும். விமானத்தில் ஏறுவதே குற்றம் என்பது ஒரு குரல். “உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு வெறும் 2.5 சதவீதம்தானே? நிலக்கரியைக் கேளுங்கள், கார்களைக் கேளுங்கள்” என்பது மற்றொன்று. இரண்டாவது குரலின் கையில் ஒரு எண் இருக்கிறது. எண் கையில் இருப்பவர்தான் பெரும்பாலும் வாதத்தில் வெல்கிறார்.

அந்த எண் பொய்யில்லை. 2018ஆம் ஆண்டில் உலகின் விமானங்கள் ஏறத்தாழ 100 கோடி டன் கரியமில வாயுவை வெளியிட்டன. அந்த ஆண்டு மனிதச் செயல்களால் வெளியான கரியமில வாயுவில் அது சுமார் 2.5 சதவீதம். ஆனால் இந்த எண்ணுக்குள் இரண்டு விஷயங்கள் மறைந்துகொள்கின்றன. விமானம் பூமியைச் சூடாக்குவது கரியமில வாயுவால் மட்டுமில்லை என்பது ஒன்று. அந்த 2.5 சதவீதத்தை உருவாக்குவது உலக மக்கள் அனைவரும் இல்லை, அவர்களில் மிகச் சிறிய பகுதியினர் என்பது இன்னொன்று. இரண்டாவது விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். நியாயம் பற்றிய கேள்வி முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பொதுத் தொட்டியும் ஒரு தோட்டக் குழாயும்

நூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. சமையல், குளியல், துணி துவைத்தல் எல்லாம் அதிலிருந்துதான். வளாகத்தின் பின்புறம் ஒரு தோட்டக் குழாயும் உண்டு. தொட்டியின் தண்ணீரில் அந்தக் குழாய் வழியே போவது 2.5 சதவீதம்தான்.

இப்போது யார் அந்தக் குழாயைத் திறக்கிறார்கள் என்று பாருங்கள். 89 வீட்டார் அந்த ஆண்டில் அதைத் தொடவே இல்லை. 10 வீட்டார் எப்போதாவது திறக்கிறார்கள். மீதமுள்ள ஒரே ஒரு வீடு, குழாயில் போகும் தண்ணீரில் பாதியைத் தனியாகப் பிடித்துக்கொள்கிறது. தொட்டி வற்றத் தொடங்கியதும், “எல்லோரும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், தோட்டக் குழாயை விடுங்கள், அது வெறும் 2.5 சதவீதம்” என்று ஓர் அறிவிப்பு ஒட்டப்படுகிறது. குழாயைத் தொடாத 89 வீட்டாரும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் வாளியை இன்னும் சிறிதாக்கிக்கொள்கிறார்கள்.

இந்த உவமையின் எண்கள் என் கற்பனையில் வந்தவை அல்ல. ஸ்டெஃபான் கோஸ்லிங், ஆண்ட்ரியாஸ் ஹம்பே என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, 2018ஆம் ஆண்டில் விமானத்தில் ஏறியவர்கள் உலக மக்கள்தொகையில் 11 சதவீதத்தினர்தான். நாட்டு எல்லை தாண்டிப் பறந்தவர்கள் அதிகம் போனால் 4 சதவீதம். பயணிகள் விமானங்களின் கரியமில வாயுவில் பாதிக்குக் காரணமானவர்கள் உலக மக்களில் 1 சதவீதத்தினர்.

“அப்படியானால் ஆண்டுக்கு 450 கோடிப் பயணிகள் என்கிறார்களே, அது உலக மக்களில் பாதிக்கு மேல் அல்லவா?” என்ற கேள்வி இங்கே எழும். நல்ல கேள்வி. குழப்பத்தின் வேரும் அதுதான். 2019இல் விமான நிறுவனங்கள் ஏற்றிச் சென்றதாகச் சொல்லப்படும் சுமார் 450 கோடி என்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. ஏறிய தடவைகளின் எண்ணிக்கை. நேரடி விமானம் இல்லாத ஓர் ஊருக்கு ஒருவர் இடையில் விமானம் மாறிப் போகிறார், அதேபோல் மாறித் திரும்புகிறார். ஒரே ஆள், ஒரே பயணம். கணக்கேட்டிலோ நான்கு பயணிகள். மாதம் இரண்டு முறை அலுவல் நிமித்தம் இப்படிப் போய்வருபவர் ஓர் ஆண்டில் தொண்ணூற்றாறு பயணிகளாகிவிடுகிறார். வாழ்நாளில் விமானத்தை உள்ளிருந்து பார்த்திராத தொண்ணூற்றைந்து பேருடைய இடத்தையும் அவரே நிரப்பிவிடுகிறார் என்று சொல்லலாம்.

பணக்கார நாடுகளுக்குள்ளும் இதே கதைதான். பிரிட்டனில் 2014இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, 15 சதவீதத்தினர் 70 சதவீத விமானப் பயணங்களை மேற்கொண்டார்கள். அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓர் ஆண்டில் ஒருமுறைகூட விமானம் ஏறுவதில்லை. ஆகவே இதைப் பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பிரிவாக மட்டும் பார்த்தால் போதாது. அடிக்கடிப் பறப்பவர்கள், எப்போதாவது பறப்பவர்கள், பறக்கவே பறக்காதவர்கள் என்ற பிரிவு எல்லா நாடுகளின் ஊடாகவும் ஓடுகிறது.

*இதுவரை பார்த்தது:* 2.5 சதவீதம் என்பது மொத்தத் தொட்டியில் குழாயின் பங்கு. குழாய் யார் கையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

ஒரு கிலோ எரித்தால் மூன்று கிலோ வருவது எப்படி?

விமான எரிபொருள் என்பது மிகவும் சுத்திகரிக்கப்பட்ட மண்ணெண்ணெய் வகை. அதில் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. முதன்முறை கேட்பவர்கள் இதை நம்புவதில்லை. ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோ எப்படி வரும்?

காற்றிலிருந்து வருகிறது. எரிவது என்றால், எரிபொருளில் உள்ள கார்பன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வது. ஒரு கார்பன் அணு இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்றால், அது பிடித்துக்கொள்ளும் ஆக்சிஜனின் எடை 32, சேர்ந்தால் 44. எரிபொருள் டாங்கியில் 12 பங்காக ஏறியது, வானில் 44 பங்காக வெளியேறுகிறது. கூடுதல் எடையை வழிநெடுகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இந்த வாயு ஏன் கவலைக்குரியது என்பதற்குப் போர்வை உவமை போதும். பகலில் வெயிலால் சூடேறும் பூமி, அந்தச் சூட்டை விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. கரியமில வாயு போன்ற சில வாயுக்கள் அந்தச் சூட்டின் ஒரு பகுதியை வெளியேறவிடாமல் தடுக்கின்றன. இவற்றைப் பசுமைக்குடில் வாயுக்கள் என்கிறோம். போர்வை தடிக்கத் தடிக்க உள்ளே சூடு ஏறும். கரியமில வாயுப் போர்வையின் சிக்கல், அதை ஒருமுறை போர்த்திவிட்டால் எளிதில் விலக்க முடியாது என்பதுதான். இன்று வெளியிட்டதில் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகளுக்கு வளிமண்டலத்தில் தங்கியிருக்கும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. 300 பேர் அமர்ந்த பெரிய விமானம் ஒன்று, ஏழு மணி நேரப் பயணத்தில் 50 டன் எரிபொருளை எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது இயல்பான அளவுதான். 50 டன் எரிந்தால் 158 டன் கரியமில வாயு. 300 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 525 கிலோவுக்கும் சற்று மேல். போய்த் திரும்பினால் ஒரு டன்னைத் தாண்டிவிடும்.

ஒரு டன் பெரிதா, சிறிதா? மலாவி, உகாண்டா, சாட் போன்ற நாடுகளில் ஒரு மனிதர் ஓர் ஆண்டு முழுவதும் எரிபொருள் பயன்பாட்டால் வெளியிடும் கரியமில வாயு சராசரியாக 200 கிலோவுக்கும் குறைவு. விளக்கு, அடுப்பு, பஸ், அவர் வாங்கும் சிமெண்ட் எல்லாம் அதில் அடக்கம். அவருடைய ஐந்தாண்டு வாழ்க்கையும், வேறொருவர் ஒரு வாரத்துக்குள் போய்த் திரும்பிய ஒரே பயணமும் தராசில் ஏறக்குறைய சமமாக நிற்கின்றன. இந்த ஒப்பீட்டை முதலில் கணக்கிட்டபோது நான் தப்பாகப் பெருக்கிவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு

ஒரு மாலை மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். மிக உயரத்தில் ஒரு விமானம் போனது. பின்னால் ஒன்றுமில்லை, வெறும் நீல வானம். பத்து நிமிடம் கழித்து அதே திசையில் இன்னொன்று. அதன் பின்னால் சுண்ணாம்பில் இழுத்தது போன்ற கோடு. நான் கீழே இறங்கிப் போய் அரை மணி கழித்து மறுபடி ஏறி வந்து பார்த்தபோது விமானம் எங்கோ போயிருந்தது. கோடு மட்டும் அங்கேயே இருந்தது. ஓரங்கள் பஞ்சாகப் பிரிந்து, ஒரு கை அகலத்துக்கு விரிந்து, மெல்லிய மேகமாகவே ஆகிவிட்டிருந்தது. அருகருகே பறந்தது போலத் தெரிந்த இரண்டு விமானங்களில் ஒன்று மட்டும் ஏன் கோடு போட்டது?

அந்தக் கோட்டை இங்கே வெண்தடம் என்று அழைக்கிறேன். அது புகை இல்லை. நச்சைத் தெளிக்கிறார்கள் என்று பரவும் வதந்தியிலும் உண்மை இல்லை. குளிர்ந்த காலையில் வாயைத் திறந்து மூச்சுவிட்டால் வெள்ளையாகத் தெரியுமே, அதன் உறவுதான் இது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரியும்போது கரியமில வாயுவோடு ஒன்றேகால் கிலோ நீராவியும் வெளிவருகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழே 40 முதல் 55 டிகிரி வரை இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் நுண்ணிய கரித்துகள்களைப் பற்றிக்கொண்டு நீராவி நொடியில் பனித்துகளாக உறைகிறது.

அதற்குப் பிறகு நடப்பதை அந்த இடத்துக் காற்று தீர்மானிக்கிறது. காற்று வறண்டிருந்தால் பனித்துகள்கள் உடனே ஆவியாகி மறையும். காற்றில் ஏற்கெனவே ஈரம் தளும்பிக்கொண்டிருந்தால் அவை மறையாமல் சுற்றியுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொண்டு வளரும், பரவும், மணிக்கணக்கில் நிற்கும். நான் பார்த்த முதல் விமானம் வறண்ட அடுக்கிலும், இரண்டாவது ஈரமான அடுக்கிலும் பறந்திருக்க வேண்டும். கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு உயர வேறுபாடு தெரியாது.

விரிந்த வெண்தடமும் ஒரு போர்வைதான். பகலில் அது இரண்டு வேலை செய்கிறது: மேலிருந்து வரும் வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், கீழிருந்து கிளம்பும் சூட்டையும் தடுக்கும். இரவில் திருப்பி அனுப்ப வெயில் இல்லை. சூட்டைத் தடுப்பது மட்டுமே நடக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மொத்த விளைவு சூடாக்குவதுதான். எஞ்சினிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தம் பங்குக்கு ஓசோனை உண்டாக்கிச் சற்றே சூடாக்குகின்றன.

இவற்றையெல்லாம் சேர்த்து, பூமியைச் சூடாக்கும் மனிதச் செயல்களில் விமானங்களின் பங்கு சுமார் 3.5 சதவீதம் என்று ஒரு பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு 2021இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டது. அந்தச் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கரியமில வாயுவால் வருவது. மீதி இரண்டு பங்கு வெண்தடம் முதலான மற்றவற்றால். மற்றவற்றின் மதிப்பீட்டில் பிழை வரம்பு அகலமானது. கரியமில வாயுவை அளப்பதுபோல் மேகத்தை அளக்க முடியாது. ஆனாலும் டிக்கெட் வாங்கும்போது ‘உங்கள் பயணத்தின் கார்பன் அளவு’ என்று காட்டப்படும் எண்களில் பெரும்பாலும் இந்த இரண்டு பங்கு இடம்பெறுவதில்லை.

இதில் எனக்கு உண்மையாகவே நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. ஈரம் தளும்பும் அந்தக் காற்றடுக்குகள் பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்தாலும், மேலும் கீழுமாகப் பார்த்தால் மெல்லியவை. விமானம் சில நூறு மீட்டர் ஏறியோ இறங்கியோ பறந்தால் தப்பித்துவிடலாம். எல்லா விமானங்களும் விலக வேண்டிய அவசியமும் இல்லை. ஜப்பானின் வான்பரப்பை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், 2.2 சதவீத விமானங்களே வெண்தடச் சூட்டில் 80 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தன. 2023இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து 70 சோதனைப் பயணங்களில் முன்கணிப்பைக் கொண்டு உயரத்தை மாற்றிப் பறந்து பார்த்தன. வெண்தடம் 54 சதவீதம் குறைந்தது. அந்தப் பயணங்களில் கூடுதலாகச் செலவான எரிபொருள் 2 சதவீதம். புதிய விமானம் தேவைப்படவில்லை, புதிய எரிபொருளும் தேவைப்படவில்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெண்தடம் சில மணி நேரப் போர்வை. இன்று நிறுத்தினால் நாளையே அதன் விளைவு நிற்கும். கரியமில வாயு நூற்றாண்டுகளுக்கான போர்வை. நிறுத்தினால் மேலும் தடிப்பதுதான் நிற்கும். ஒன்றைக் குறைத்ததைக் காட்டி மற்றொன்றை மறக்கச் சொல்ல முடியாது.

ஒரே விமானம், ஒரே பங்கு இல்லை

மேலே 158 டன்னை 300 பேருக்குச் சமமாகப் பிரித்தேன். அது எளிமைக்காகச் செய்த தவறு. விமானத்தின் தரைப்பரப்பு அளவானது. படுத்துறங்கும்படி விரியும் ஒரு பிசினஸ் வகுப்பு இருக்கை இருக்கும் இடத்தில் சாதாரண வகுப்பினர் பலர் அமரலாம். இடத்தின்படி பிரித்தால், நெடுந்தூர விமானத்தில் பிசினஸ் வகுப்புப் பயணியின் பங்கு சாதாரண வகுப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. முதல் வகுப்பு நான்கு மடங்கும் அதற்கு மேலும்.

தனியார் ஜெட் இதன் உச்சம். அவற்றின் பயணங்களில் ஏறக்குறைய பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்துக்கானவை என்று 2024இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. விமானம் அதிகமாக எரிபொருளைக் குடிப்பது மேலே ஏறும்போதுதான் என்பதால், குறுந்தூரப் பயணத்தில் ஒரு கிலோமீட்டருக்கான எரிபொருள் செலவும் கூடும். ஒருவரோ இருவரோ அமர்ந்த விமானத்தில் அதைப் பகிர்ந்துகொள்ளவும் ஆளில்லை.

வரி இல்லாத எரிபொருள்

ஒரு சர்வதேச டிக்கெட்டின் கட்டண விவரத்தை ஒருநாள் ஒவ்வொரு வரிசையாகப் படித்துப் பார்த்தேன். அடிப்படைக் கட்டணம், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், சேவைக் கட்டணம். நடுவில் ‘எரிபொருள் கூடுதல் கட்டணம்’ என்று ஒன்று. ஆகா, இதுதான் எரிபொருள் வரி என்று நினைத்தேன். விசாரித்தால், அது அரசுக்குப் போவதே இல்லை. எரிபொருள் விலையை ஈடுகட்ட விமான நிறுவனமே வசூலித்துக்கொள்வது. எரிபொருளுக்கான வரி என்று அந்தப் பட்டியலில் எதுவும் இல்லை.

இதன் வேர் 1944இல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் சிகாகோவில் கூடிய நாடுகள் சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான உடன்படிக்கையை உருவாக்கின. அதன் 24ஆம் பிரிவு, ஒரு நாட்டுக்குள் வரும் விமானத்தின் டாங்கியில் ஏற்கெனவே இருக்கும் எரிபொருளுக்கு அந்த நாடு சுங்க வரி விதிக்கக் கூடாது என்கிறது. பிறகு நாடுகள் இரண்டிரண்டாகச் செய்துகொண்ட ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்கள், அங்கே இறங்கி நிரப்பிக்கொள்ளும் எரிபொருளுக்கும் அந்த விலக்கை நீட்டின. பச்சிளம் குழந்தையாக இருந்த ஒரு தொழிலை வளர்த்துவிடச் செய்த ஏற்பாடு, அது உலகையே வளைத்துவிட்ட பிறகும் தொடர்கிறது. வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடுபவர் வரி கட்டுகிறார். கண்டம் தாண்டும் விமானத்தின் எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரி இல்லை.

காலநிலை ஒப்பந்தங்களாவது இதைப் பிடித்ததா? 1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்பாடு, எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது என்று முடிவாகாத சர்வதேச விமானப் புகையை ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் ஒப்படைத்தது. சிக்கல் நிஜமானதுதான்: ஒரு நாட்டில் கிளம்பி, நான்கு நாடுகளின் மேல் பறந்து, ஆறாவது நாட்டில் இறங்கும் விமானத்தின் வாயு யாருடையது? 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் சர்வதேச விமானங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை.

அந்த அமைப்பு 2016இல் கொண்டுவந்த திட்டத்தின் பெயர் கோர்சியா. விமான நிறுவனங்கள் ஒரு கோட்டுக்கு மேல் வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஈடு செய்ய வேண்டும். ஈடு என்றால், வேறு எங்காவது காடு காக்கும் திட்டத்துக்கோ வாயுவைக் குறைக்கும் திட்டத்துக்கோ பணம் கொடுத்து, அங்கே குறைந்ததைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வது. அந்தக் கோடு இப்போது 2019ஆம் ஆண்டு அளவில் 85 சதவீதம். கோட்டுக்குக் கீழே உள்ள அத்தனைக்கும் கேள்வி இல்லை. 2026 வரை சேர்வது நாடுகளின் விருப்பம். 2027 முதல்தான் பெரும்பாலான பெரிய நாடுகளுக்குக் கட்டாயம். உள்நாட்டு விமானங்கள் இதில் அடங்கா.

கோர்சியாவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன் நடந்த ஒரு மோதல். 2012இல் ஐரோப்பிய ஒன்றியம், தன் நிலையங்களுக்கு வந்துபோகும் எல்லா நாட்டு விமானங்களும் வெளியிடும் வாயுவுக்கு விலை கொடுக்க வேண்டும் என்றது. சீனா, இந்தியா, ரஷ்யா, அமெரிக்கா எல்லாம் எதிர்த்தன. ஒன்றியம் தன் பகுதிக்குள் பறக்கும் விமானங்களோடு விதியைச் சுருக்கிக்கொண்டது. இதைப் பேராசைக்கும் நல்லெண்ணத்துக்கும் நடந்த சண்டையாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அங்கே மோதியவை இரண்டு நியாயங்கள். எந்த நாட்டு விமானமானாலும் ஒரே விதி என்பது விமானத் துறையின் நியாயம். ஒரே வழித்தடத்தில் ஒருவருக்கு வரி, மற்றவருக்கு விலக்கு என்றால் போட்டி குலையும். இதுவரை அதிகம் வெளியிட்டவரே அதிகம் சுமக்க வேண்டும் என்பது 1992 முதல் காலநிலை ஒப்பந்தங்களின் நியாயம். முதலாவதைப் பிடித்தால், நேற்று பறக்கத் தொடங்கியவரும் எழுபது ஆண்டுகளாகப் பறப்பவரும் ஒரே தட்டில். இரண்டாவதைப் பிடித்தால், ஒரே வழித்தடத்தில் அடுத்தடுத்துக் கிளம்பும் இரு விமானங்களின் பயணிகளுக்கு, அவர்கள் டிக்கெட் வாங்கிய நிறுவனம் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்து வெவ்வேறு சட்டம். நாடுகளை அளவுகோலாக வைக்கும்வரை இந்த முடிச்சு அவிழாது. அதனால்தான் பயணியை அளவுகோலாக வைக்க வேண்டும் என்ற பேச்சு வலுக்கிறது.

*இதுவரை பார்த்தது:* சிலரே அதிகம் பறக்கிறார்கள். அவர்கள் பறப்பதன் சூடு கரியமில வாயுவோடு நிற்பதில்லை. அதற்கான எரிபொருளுக்கு மற்றவர்கள் கட்டும் வரியும் இல்லை.

தொழில்நுட்பம் வந்து காப்பாற்றாதா?

கொஞ்சம் காப்பாற்றும். 1990இலிருந்து 2019 வரை, ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகத் தேவையான எரிபொருள் பாதிக்கும் கீழே குறைந்தது. இது பெரிய சாதனை. ஆனால் அதே காலத்தில் பயணம் நான்கு மடங்கானது. அதனால் வெளியேறும் வாயு இரட்டித்தது.

பேட்டரியால் நெடுந்தூரம் பறப்பது ஏன் கடினம் என்பதற்கு ஒரே காரணம் எடை. ஒரு கிலோ விமான எரிபொருளில் இருக்கும் ஆற்றலைச் சேமிக்க இன்றைய பேட்டரியில் நாற்பது கிலோவுக்கும் மேல் வேண்டும். மின் மோட்டார் குறைவாகவே வீணாக்கும் என்பதைக் கழித்தாலும் இடைவெளி மூடாது. எரிபொருளாவது எரிய எரிய விமானம் இலகுவாகும். பேட்டரியோ இறங்கும்வரை அதே எடை.

பழைய சமையல் எண்ணெய், கழிவு, காற்றிலிருந்து எடுத்த கார்பன் ஆகியவற்றிலிருந்து செய்யும் மாற்று எரிபொருள் வேதியியல்படி நடக்கக்கூடியது. ஆனால் 2024இல் உலக விமான எரிபொருளில் அதன் பங்கு 0.3 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் 2 சதவீதம், 2030இல் 6 சதவீதம், 2050இல் 70 சதவீதம் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. உலகின் சமையல் எண்ணெய்க் கழிவு முழுவதையும் வழித்தெடுத்தாலும் இது போதாது. மீதியை மின்சாரத்தால் செய்ய வேண்டும்; அதற்கான தூய மின்சாரத்தை வீடுகளும் தொழிற்சாலைகளும் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கின்றன.

யார் கொடுப்பது?

எளிய வழி, எல்லா டிக்கெட்டுக்கும் ஒரே வரி. பிரான்ஸ் 2006இல் டிக்கெட்டுகளுக்கு ஒரு சிறு வரி விதித்து, அந்தப் பணத்தை ஏழை நாடுகளில் எய்ட்ஸ், காசநோய், மலேரியா சிகிச்சைக்கு உதவும் யூனிட்டெய்ட் அமைப்புக்குக் கொடுக்கத் தொடங்கியது. டிக்கெட்டிலிருந்து உலகப் பொது நலனுக்குப் பணம் எடுக்க முடியும், விமானத் துறை அதனால் சாய்ந்துவிடாது என்று அது காட்டிவிட்டது.

ஆனால் ஒரே வரி என்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் விடுப்பு கிடைத்து, கூலியைச் சேர்த்துவைத்துப் பிள்ளைகளைப் பார்க்க ஊர் திரும்பும் தொழிலாளியும் விமானப் பயணிதான். வார இறுதிக்கு வேறு நாட்டுக்குப் போய்வருபவரும் விமானப் பயணிதான். வரியால் முதலாமவர் பயணத்தைத் தள்ளிப்போடுவார். இரண்டாமவர் கவனிக்கக்கூட மாட்டார். குறைக்க வேண்டியவர் குறைக்காமல், குறைத்துக்கொள்ள எதுவுமே இல்லாதவர் இழப்பார்.

இதற்கு மாற்றாகப் பேசப்படுவது ஏறுமுக வரி. ஆண்டின் முதல் பயணத்துக்கு வரி இல்லை அல்லது மிகக் குறைவு, இரண்டாவதற்குக் கொஞ்சம், மூன்றாவதற்கு அதைவிட அதிகம், பத்தாவதற்கு மிக அதிகம். வருமான வரி ஏறுவதுபோல இதுவும் ஏறும். இன்றைய ஏற்பாடு இதற்கு நேர் தலைகீழ். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தொடங்கிய மைல் புள்ளித் திட்டத்தைப் பின்பற்றி ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் அடிக்கடிப் பறப்பவருக்கு இலவசப் பயணமும் மேல்வகுப்பும் கொடுக்கின்றன. ஒவ்வொரு பயணியும் ஆண்டில் எத்தனை முறை பறந்தார், எவ்வளவு தூரம், எந்த வகுப்பு என்ற கணக்கு நாற்பது ஆண்டுகளாக நுணுக்கமாக எழுதப்பட்டுவருகிறது. ஏறுமுக வரியைக் கணக்கிட முடியாது என்பவர்களுக்கு என் பதில் அந்தப் புள்ளிக் கணக்குதான்.

எல்லாப் பயணத்துக்கும் மாற்று வழி இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானத்தைப் பிரான்ஸ் 2023இல் தடை செய்தது. பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் நகரங்களுக்கான மூன்று வழித்தடங்கள்தான் அதில் சிக்கின. நல்ல ரயில் இருக்கும் இடத்தில்தான் அப்படிச் செய்ய முடியும். மாலத்தீவுக்கு ரயில் போகாது. அதன் நிலப்பரப்பில் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. அதன் பொருளாதாரமோ விமானத்தில் வந்திறங்கும் சுற்றுலாப் பயணிகளை நம்பியிருக்கிறது. கடல் ஏறுவதற்கு ஒரு காரணமானதே சோறும் போடுகிறது. அந்தத் தீவுக்காரர்களிடம் போய், விமானங்களை நிறுத்துகிறோம், உங்கள் நன்மைக்காகத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தீவு நாடுகள் பலவும் கேட்பது விமானங்களை நிறுத்தச் சொல்லி இல்லை; சொகுசாகப் பறப்பவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, கடலரண் கட்டவும் புயலில் விழுந்ததை எழுப்பவும் தங்களுக்கு வர வேண்டும் என்பதுதான்.

2025 ஜூனில் ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் பிரான்ஸ், ஸ்பெயின், கென்யா, பார்படோஸ், சோமாலியா, பெனின், சியரா லியோன், ஆன்டிகுவா பார்புடா ஆகிய எட்டு நாடுகள் ஒரு கூட்டணியை அறிவித்தன. பிசினஸ் வகுப்பு, முதல் வகுப்பு டிக்கெட்டுகளுக்கும் தனியார் ஜெட்டுகளுக்கும் வரி விதித்து, காலநிலைப் பாதிப்பைத் தாங்கவும் வளர்ச்சிப் பணிகளுக்கும் அதைச் செலவிடுவது அதன் நோக்கம். சாதாரண வகுப்பில் வீடு திரும்பும் தொழிலாளியின் டிக்கெட் அந்தத் திட்டத்தின் குறியில் இல்லை.